பல்லு வரைக்கும் தெளிவு

இது நோன்புக்கு முந்தி நடந்ததா, பெருநாளுக்குப் பிந்தி நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. சவளக்கடை வட்டையில் வெள்ளாமை வெட்டி முடிந்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. வெட்டாத வயலில் மோட்டார் சைக்கிள் போட்டி வைக்க முடியாது. மசூர் என்னிடம் ஒரு மாதிரிச் சொன்னான். அவன் மனைவி றுமைஸா வேறு மாதிரிச் சொன்னாள். இரண்டு பேரும் பேசாமல் விட்ட இடங்களை நான் என் பாட்டுக்கு நிரப்பியிருக்கவும் கூடும். நினைவும் மசூரின் கமராவைப் போலத்தான். பின்னால் நின்றதைத் துல்லியமாகப் பிடித்துவிடும். முன்னால் ஓடியதைத்தான் கோட்டை விட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, மசூர் கமராவின் அடிமூடியைத் திறந்தான். பற்றரி இருந்தது. அதற்குப் பக்கத்தில், படங்கள் பதியும் மெமரி காட் செருகும் இடம் வெறுமையாக இருந்தது.

கமராவைக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு நெல் உமி விழுந்தது.

"என்ன தேடுறீங்க?" குசினியிலிருந்து றுமைஸாவின் குரல் வந்தது.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததத் தேடவா பேக்கக் கவுத்து வெச்சிரிக்கீங்க?"

மசூர் பையின் மூலைகளை விரலால் துழாவினான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு காட். அந்தக் காட்டில்தான் அவனுடைய கமராவின் உயிர் இருந்தது.

கமரா வாங்கிய நாளிலிருந்து மசூர் ஓடுவதையும் பறப்பதையும் மட்டுமே எடுத்து வந்தான். கல்முனையில் ஒரு கந்தோரில் நாள் முழுக்க அசையாத கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அப்படி ஓர் ஆசை வருவது இயல்புதான். ஆனால் அவன் எடுத்த கொக்கு, வெள்ளைத் துணியால் துடைத்தது போல் இருக்கும். பின்னால் தென்னோலை மட்டும் ஒவ்வோர் ஈர்க்காகத் தெரியும். மச்சான் ஜவாத்தின் கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் புகைந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் மேசையில் இருந்த வட்டிலப்பம் அவ்வளவு தெளிவாக இருந்தது, பார்த்தவர்களுக்குப் பசித்தது.

போன வாரம் றுமைஸா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த முற நகர மண்டபத்துப் போட்டோக் கண்காட்சியில ஒங்கட படம் ஒண்டு தொங்கோணும். இல்லாட்டி கமராவ தம்பி ஜவாத்துக்குக் குடுத்திர்ற. அவன் அறுகம்பேக்கு வேன் ஓடுறவன். அலைக்கு மேல நிக்கிற வெள்ளக்காரன எடுத்தாலும் ஒரு பிரயோசனம் இரிக்கி."

"எடுத்துத் தாறன் புள்ள."

"என்னத்த எடுக்கிற? மகள்ட கலைவிழாப் போட்டோவக் கழுவக் குடுத்து, அத எடுத்துவரவும் ஏலாம இரிக்கி. போட்டோக்காரராம்."

"நாளைக்கு எடுக்கிறன்."

அந்த நாளை வரவில்லை. அதற்கு முன் சனிக்கிழமை வந்துவிட்டது, சவளக்கடையில் போட்டி.

அன்று நடந்ததை மசூர் எத்தனை முறை சொன்னாலும் ஓரிடத்தில் அவன் குரல் தாழ்ந்துவிடும். பர்ஸான் என்ற பொடியன் நீலநிற பைக்கில், போட்டிக்காகக் குவித்திருந்த மண்மேட்டில் ஏறினான். மசூர் அழுத்தினான். திரையில் படம் வந்தது. பர்ஸான் காற்றில் நின்றான். சக்கரத்துக்குக் கீழே சேறு துளித்துளியாக நின்றது. ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட எண்ணலாம் போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடுகிற ஒன்று மசூருக்காக நின்றிருந்தது.

அவன் வரம்பில் அப்படியே குந்திவிட்டான்.

திரையின் மூலையில் சிவப்பாய்ச் சின்ன எழுத்து ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த பைக் அடித்த சேறு பட்டு மூக்குக்கண்ணாடி சட்டைப்பைக்குப் போயிருந்ததால் அவனால் அதை வாசிக்க முடியவில்லை. பற்றரி முடிகிறதாக்கும் என்று நினைத்து, கவனமான மனிதன் என்பதால், அடிமூடியைத் திறந்து வேறு பற்றரி போட்டான்.

"அப்பத்தான் விழுந்திரிக்கும்," என்று ஞாயிற்றுக்கிழமை காலை சுவரைப் பார்த்துச் சொன்னான்.

உடனே ஓட்டோ பிடித்துச் சவளக்கடைக்குப் போனான். வயல்காரர் கனகரெத்தினம் வரம்பில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். வயல் முழுக்க மாடு நின்றது.

"போட்டி முடிஞ்ச கையோட மாட்டுப்பட்டிய விட்டுட்டன் தம்பி. என்ன சாமான்?"

"நகத்தளவில ஒரு காட் ஐயா. கறுப்பு."

கனகரெத்தினம் வாயைக் கொப்பளித்துவிட்டு மாடுகளைப் பார்த்தார். "இதில எந்த மாட்டிட்டக் கேக்கப் போறீர்?"

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் தொலைந்தால் பொலிசுக்கு முன் பள்ளிவாசலுக்குத்தான் போவோம். செருப்பு, சாவி, ஆடு, அடையாள அட்டை எல்லாம், பள்ளி ஸ்பீக்கரில் பாங்கு சொல்லும் மோதினார் ஸிராஜின் குரலில்தான் திரும்பி வரும். அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. மசூர் பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு அவரைப் பிடித்தான்.

"காட்டுக்குள்ள என்ன இரிக்கி?" என்று ஸிராஜ் கேட்டார்.

"போட்டோ, காக்கா," என்றான் மசூர், அண்ணன் முறை வைத்து.

"ஆர்ர போட்டோ? வெறும் காட் எண்டா எடுத்தவன் தரமாட்டான். உள்ளுக்க என்ன எண்டு சொன்னாத்தான் மனசு வரும்."

அந்த இடத்தில் மசூருக்குள் இருந்த கலைஞன் வாயைத் திறந்தான். "வந்த எல்லாரும் இரிக்காங்க காக்கா. எனக்கு ஓடுறவன் விழாட்டியும், பின்னால நிக்கிறவன் பல்லு வரைக்கும் தெளிவா விழுவான்."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு எங்கள் கல்முனைக்குடி முழுக்கக் கேட்டது.

"கண்ணியமான ஜமாஅத்தார்களே, நேற்று சவளக்கடையில் நடந்த மோட்டார் சைக்கிள் போட்டியின்போது சகோதரர் மசூரின் கமரா காட் ஒன்று தவறிவிட்டது. அதில் போட்டிக்கு வந்த அனைவரும் பல்லு வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள் என்பதையும் அறியத்தருகிறோம்."

ஸ்பீக்கர் நின்ற பிறகு ஊரில் ஒரு மௌனம் இருந்தது. நான் அந்த நேரம் வாசலில் நின்றேன். ஜனாஸா அறிவித்தலுக்குப் பிறகு வருகிற மௌனம் வேறு. அதில் எல்லோரும் இறந்தவரை நினைப்பார்கள். இதில் ஒவ்வொருவனும் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கந்தோரில், தலைமைக் கிளார்க் கிறகரி மசூரைத் தன் மேசைக்கு அழைத்து, கதவைச் சாத்தினார்.

"நீர் சனிக்கிழமை றேஸுக்குப் போனீரா?"

"ஓம் சேர்."

"நான் மனிசி இமக்குலேற்றுக்கு என்ன சொல்லியிருந்தனான் தெரியுமா? சனிக்கிழமை முழுக்க கந்தோரில உம்மோட இருந்து கணக்கு முடிச்சனான் எண்டு."

கிறகரி கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்கட பள்ளி ஸ்பீக்கர் எங்கட குசினி வரைக்கும் கேக்கும். மனிசி மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டவ. அடுப்ப நிப்பாட்டிப்போட்டு என்னத் திரும்பிப் பாத்தவ. ஒண்டும் கதைக்கல்ல. இன்னும் கதைக்கல்ல."

"அப்ப சேர் எங்க இருந்தீங்க?"

கிறகரி கதிரையை முன்னால் இழுத்துப்போட்டார். "நடிக்காதையும். உமக்கு நேர் எதிர் வரம்பில நிண்டனான். பர்ஸான் பாயேக்க தொப்பியக் கழட்டி எறிஞ்சனான். அது விழாமப் போயிருக்குமா?"

"நான் காணல்ல சேர்."

"சரி மசூர். என்ன வேணும் எண்டு நேராச் சொல்லும். லீவா, வேற செக்சனா?"

"எனக்கு ஒண்டும் வேணாம் சேர்."

"ஒண்டும் வேணாம் எண்டு சொல்லுறவனுக்குத்தான் பயப்படோணும்," என்றார் கிறகரி. அன்று முழுக்க மசூருக்கு அவரே தேநீர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் வாசல் கடப்படியில் ஜவாத் நின்றான். கையில் ஒரு பெரிய பாரை மீன், வாலில் கயிறு கட்டித் தொங்கியது.

"மச்சான், நான் அங்க நிண்டத றுமைஸா ராத்தாக்குச் சொன்னீங்களா?"

"நீயும் வந்தியா?"

"வெளாடாதீங்க மச்சான். மாமிக்கிட்ட அறுகம்பேக்கு ஹயர் எண்டு சொல்லிட்டுப் போன. வேன் முழுக்கச் சேறு. கடலுக்குப் போன வேனில வயல் சேறு எப்பிடி மருமகன் வந்தது எண்டு கேக்கிறா. நான் அவட ஊட்டில இரிக்கிறவன். எங்க போய்ப் படுக்கிற?"

"நான் என்ன செய்ய?"

"காட் கிடைச்சா என்ட முகத்த அழிச்சிருங்க. கமராவும் எனக்கு வேணாம். நீங்களே வெச்சிக்கங்க." மீனை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

மசூர் திரும்பினான். றுமைஸா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ரெண்டு வருசமா அந்தக் கமராவக் கேட்டுக் கரச்சல் தந்தவன், இண்டைக்கு மீனோட வந்து வேணாம் எண்டுறான். அந்தக் காட்டுக்குள்ள என்னதான் இரிக்கி?"

"பைக்குத்தான் புள்ள."

"பைக்குக்கு இவ்வளவு பெரிய பாரையா?"

அடுத்த நாளும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தயிர்ச்சட்டியோடு வந்து, தான் வரவேயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மசூருக்கு நித்திரை கெட்டது. காட் கிடைத்துவிட்டது என்று சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தான். மீண்டும் ஸிராஜிடம் போனான்.

"கிடைச்சிட்டு எண்டு மட்டும் சொல்லுங்க காக்கா. வேற ஒண்டும் சேக்க வேணாம்."

"நான் எப்ப சேத்த?" என்றார் ஸிராஜ்.

அன்று மஃரிபுக்குப் பிறகு, காட் அல்ஹம்துலில்லாஹ் கிடைத்துவிட்டது என்றும், ஆகவே யாரும் பயப்படத் தேவையில்லை என்றும் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை பயப்படாதவர்களும் அதன் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினார்கள்.

றுமைஸா உள்ளே வந்து கையை நீட்டினாள். "காட்டுங்க."

"என்னத்த?"

"கிடைச்ச காட்ட. வெள்ளிக்கிழம படம் குடுக்கோணும் எண்டீங்களே. நல்ல படமெண்டா நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். கெட்ட படமெண்டா ஜவாத் வேணாம் எண்டாலும் கமராவ வித்திருவன்."

மசூர் கணக்குப் பார்த்தான். காட் இல்லை என்றால் ஊருக்குப் பொய். உண்டு என்றால் வீட்டுக்குப் பொய். கடப்படியில் யாரோ செருமிய சத்தம் அவனைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்றுதான் அப்போது நினைத்தான்.

வந்தவர் மீராலெவ்வை. இரண்டு தோணிக்குச் சொந்தக்காரர், பர்ஸானின் வாப்பா. மகன் கடலை விட்டுப் பைக்கில் ஏறிய நாளிலிருந்து அவர் அவனோடு கதைப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே சகன் தட்டில் சாப்பிடுகிறபோதும், "அவனுக்குச் சொல்லு" என்று மனைவியிடம்தான் சொல்வார். ஊருக்கே தெரிந்த விசயம்.

அவர் கதிரையில் அமர்ந்தார். றுமைஸா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். தேநீர் ஆறியது.

"நானும் போன," என்றார் கடைசியாக.

"எங்க காக்கா?"

"சவளக்கடைக்கு. உழவு மிசின் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சி நிண்ட."

முகத்தை அழிக்கச் சொல்லப்போகிறார் என்று மசூர் நினைத்தான்.

"அவன் அந்த மேட்டில ஏறினான். பறந்தான் எண்டு எல்லாரும் சொல்றாங்க. நான் காணல்ல தம்பி. நான் கண்ண மூடிட்டன்." தேநீர்க் கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்தார். "புயலுக்க தோணி ஓட்டின ஆள் நான். மூடிட்டன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அந்தப் படத்தில அவன் இரிக்கானா?"

"ஓம் காக்கா. காத்தில நிக்கான்." இது உண்மை.

"அவனுக்குப் பின்னால நான் இரிக்கனா?"

மசூருக்குத் தெரியாது. அவன் பர்ஸானைத் தவிர எதையும் பார்த்திருக்கவில்லை. "ஓம்," என்றான்.

"கண்ணு மூடியா இரிக்கி?"

மசூர் அந்த முகத்தைப் பார்த்தான்.

"தொறந்துதான் இரிக்கி காக்கா. நல்லாத் தொறந்திரிக்கி."

மீராலெவ்வை எழும்பினார். ஆறிய தேநீரை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பர்ஸான் பைக்கோடு வாசலில் நின்றான்.

"மசூர் காக்கா, வாப்பா என்னோட கதைச்சிட்டார். நீ பறந்தத நான் பாத்தன், மசூர்ர போட்டோவில இரிக்கி எண்டு சொன்னார். அந்தப் படத்தக் காட்டுங்க. வாப்பாட கண்ண நான் பாக்கோணும்."

இப்போது அந்தப் படம் காப்பாற்ற வேண்டியது கமராவை மட்டுமல்ல, வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் திரும்பி வந்த பேச்சையும்தான்.

"அந்தப் படத்தில வெளிச்சம் கொஞ்சம் குறைவு," என்றான் மசூர். சொல்லச் சொல்லத்தான் அடுத்த சொல் வந்தது. "அத விட நல்லதா ஒண்டு எடுப்பம். அசருக்குப் பிறகு கடற்கரைக்கு வா. வாப்பாவயும் கூட்டிவா."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையில் புதுக் காட் வாங்கினான். கடற்கரையில் பர்ஸானும் கூட்டாளிகளும் மணலைக் குவித்து மேடு கட்டினார்கள். செய்தி பரவியது. மசூர் திரும்பவும் படம் எடுக்கிறான் என்று கேள்விப்பட்டு, இந்த முறை தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாதி ஊர் வந்தது. கிறகரி மனைவியோடு வந்தார். இமக்குலேற் குடை பிடித்திருந்தா. இருவரும் இன்னும் கதைக்கவில்லை. ஆனால் குடை ஒன்றுதான்.

மீராலெவ்வையைத் தோணியில் சாய்ந்து நிற்கச் சொன்னான் மசூர். "கண்ண மூடாதீங்க காக்கா" என்று சொல்ல நினைத்தான். சொல்லவில்லை.

பர்ஸான் தூரத்திலிருந்து வந்தான். மேட்டில் ஏறினான். மணல்மேடு அவனுக்குக் கீழே சரிந்தது. பைக் பறந்ததா, விழுந்ததா என்று தெரியாத ஒரு நொடியில் மசூர் அழுத்தினான். அடுத்த நொடி பர்ஸான் இடுப்பளவு தண்ணீரில் இருந்தான்.

ஊர் சிரித்தது. மீராலெவ்வை சாறனை மடித்துக்கொண்டு கடலுக்குள் ஓடினார்.

மசூர் திரையைப் பார்த்தான். பர்ஸான் இல்லை. யாரோ நீலச் சாயத்தைக் கையால் இழுத்துவிட்டது போல ஒரு கோடு. அதற்குப் பின்னால் மீராலெவ்வை. ஒவ்வொரு நரையும் தெரிந்தது. ஒரு கை தூக்கியிருந்தது. வாய் திறந்து, கடைவாயில் விழுந்த பல்லின் இடைவெளிகூடத் தெரிந்தது. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன.

பழைய பிழைதான். இன்னொரு தடவை எடுக்க மேடும் இல்லை, பைக்கும் இல்லை.

தோளுக்குப் பின்னால் றுமைஸா நிற்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். மூன்று வருசத்தில் அவனுடைய எந்தப் படத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இதக் குடுங்க," என்றாள்.

படம் மண்டபத்தில் தொங்கியது. கீழே 'மகன் பறக்கிறான்' என்று எழுதியிருந்தது. மகன் எங்கே என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் ஒருவரும் உடனே அந்த இடத்தை விட்டு நகரவுமில்லை.

பிறகு என்ன ஆனது என்றால், கமரா வீட்டிலேயே இருக்கிறது. பர்ஸான் வாரநாட்களில் வாப்பாவோடு கடலுக்குப் போகிறான், சனிக்கிழமைகளில் பைக் ஓடுகிறான். மீராலெவ்வை இப்போது முன்வரிசையில் நிற்கிறார். மேட்டில் ஏறும்போது இன்னும் கண்ணை மூடுகிறார். அதை அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் வெளியே சொல்வதில்லை. கிறகரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இமக்குலேற் இப்போது கட்லட் பொரித்துக் கட்டிக்கொண்டு அவரோடு போட்டிக்கு வருகிறா. ஜவாத்தின் மாமி அடுத்த முறை கேட்காமலே வேனில் ஏறிக்கொண்டா. ஸிராஜின் அறிவித்தல்களை இப்போது பள்ளிவாசல் நிருவாகம் முதலில் வாசித்துப் பார்க்கிறது.

மசூர் மட்டும் சவளக்கடைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கதைப்பதை நிறுத்திவிடுவான். தன் வாழ்க்கையின் ஒரே நல்ல படம் அந்த நெல்லுக்குக் கீழே எங்கோ கிடக்கிறது என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கை அவனுக்கு ஒருவிதக் கம்பீரத்தைக்கூடக் கொடுத்திருந்தது.

சில மாதம் கழித்து, மண்டபத்திலிருந்து திரும்பி வந்த படத்துக்குச் சட்டம் போட, கல்முனைப் பட்டினத்தில் மேர்சியாவின் போட்டோக் கடைக்குப் போனான். மேர்சியா கல்லாற்றிலிருந்து பஸ்ஸில் வந்து, பொழுதுபட முன் கடையைப் பூட்டிக்கொண்டு போகிறவள். எங்கள் பள்ளி அறிவித்தல் எதுவும் அவள் காதுக்கு எட்டியதில்லை. அதனால் மசூர் முழுக்கதையையும் அவளுக்குச் சொன்னான். காற்றில் நின்ற பர்ஸான், துளித்துளியான சேறு, மூலையில் மின்னிய சிவப்பு எழுத்து, மாற்றிய பற்றரி, மாடுகள்.

மேர்சியா அளவெடுத்த கையை நிறுத்தினாள்.

"சிவப்பு எழுத்தா? பற்றரிக்கு எழுத்து வராதே காக்கா. சில கமரா காட் இல்லாட்டியும் படம் அடிக்கும். கமராவ நிப்பாட்டும் வரைக்கும் அந்தப் படத்தயும் காட்டும். காட் இல்ல எண்டு மூலையில சிவப்பா எழுதிக்கொண்டே இருக்கும்."

"என்ட கமராவில காட் இரிந்திச்சே," என்றான் மசூர்.

அவள் மேசை லாச்சியை இழுத்து, உள்ளேயிருந்து திகதி எழுதித் தூசி படிந்திருந்த ஓர் உறையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள்.

"இதுதானே காக்கா உங்கட காட், மகள்ட கலைவிழாப் போட்டோவக் கழுவுங்க எண்டு றேஸுக்கு முந்தின கிழமை தந்திட்டுப் போனது?"